சோறும் பங்கும்

பாகப்பிரிவினைப் பத்திரம் எழுத வருகிறவர்கள் கடைசியாகச் சொல்கிற ஒரு வரி உண்டு. வீடு யாருக்கு, நஞ்சை யாருக்கு, கிணற்றுப் பாத்தியதை யாருக்கு, நான்கெல்லை என்ன என்று எல்லாம் சொல்லி முடித்து, அண்ணன் தம்பிகள் எழுந்திருக்கப் போகும் நேரத்தில் மூத்தவர் திரும்பிப் பார்ப்பார். “தங்கச்சி ஒருத்தி இருக்கா. கண்ணு தெரியாது. கடைசி வரைக்கும் நாங்க வச்சுச் சோறு போடுவோம்னு ஒரு வரி சேத்துருங்க.”

நெல்லைப் பக்கம் ஒரு சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே உரிமம் பெற்ற பத்திர எழுத்தராக உட்கார்ந்திருக்கிறேன். சிறு வயதில் போலியோ வந்து இடது கால் சூம்பிவிட்டது. காலிப்பர் போட்டு நடக்கிறேன். அந்த வரியைச் சொல்கிறவர்கள் என் காலைப் பார்த்துக்கொண்டேதான் சொல்வார்கள். நான் கேட்கிற கேள்வியும் மாறுவதில்லை. “சோறு சரி. பங்கு?”

அவர்கள் கெட்டவர்கள் இல்லை. பெரும்பாலான வீடுகளில் உண்மையாகவே அந்தத் தங்கைக்குச் சோறு போடுகிறார்கள். காய்ச்சல் வந்தால் ராத்திரி விழித்துப் பார்க்கிறார்கள். அன்பு இல்லாத இடத்தில் பங்கு கேட்பது சுலபம், ஏனென்றால் அங்கே அநியாயம் கண்ணுக்குத் தெரியும். அன்பு நிறைந்த வீட்டில் கேட்கும்போது, “நாங்க பாத்துக்க மாட்டோமா?” என்று மனம் நோகிறார்கள். “அவளுக்கு எதுக்கு அஞ்சு சென்ட்? அவ அதை வச்சு என்ன செய்யப் போறா?” பரிவோடு கேட்கப்படும் இந்தக் கேள்விக்குள்தான் நான் இங்கே பேச வந்த விஷயம் இருக்கிறது. ஒரு மனிதரைக் காப்பாற்றுவதாலேயே அவருக்குச் சேரவேண்டியதைக் கொடுத்துவிட்டதாகுமா?

இந்த வரிக்கு வயது அதிகம். மனு தர்ம சாஸ்திரத்தின் ஒன்பதாம் அத்தியாயம் தாயபாகத்தையும் பேசுகிறது. பிறவிக் குருடர், செவிடர், ஊமை, சித்தம் கலங்கியவர், உறுப்புக் குறைந்தவர் ஆகியோருக்குப் பங்கில்லை என்று அது விதிக்கிறது. அடுத்த சுலோகத்திலேயே, அவர்கள் எல்லோருக்கும் ஆயுள் முழுதும் சோறும் துணியும் தரவேண்டும், தராதவன் பதிதன் ஆவான் என்கிறது. யாக்ஞவல்கியரும் இதே வழிதான். அவருக்கு உரை எழுதிய விஞ்ஞானேசுவரரின் மிதாக்ஷரத்தைத்தான் ஆங்கிலேயர் காலத்து நீதிமன்றங்கள் தமிழ்நாடு உட்பட நாட்டின் பெரும்பகுதிக்கு இந்துச் சட்டமாக எடுத்துக்கொண்டன. பங்காளிகள் ஒருவரையொருவர் வழக்கில் நிறுத்தி, இவன் பார்வையின்மை பிறவியிலேயே வந்ததா, இடையில் வந்ததா, இவன் தொழுநோய் எந்த வகை என்று சாட்சி விசாரித்தார்கள். ஒரு மனிதனின் உடம்பு அவனுடைய சொந்தச் சகோதரர்களால் ஆவணமாக்கப்பட்டுக் குறியீடு இடப்பட்டது.

1928இல்தான் இந்து வாரிசுரிமைத் தகுதியின்மை நீக்கச் சட்டம் வந்தது. அதுவும் பிறவியிலேயே சித்தம் பிறழ்ந்தவர்களை வெளியே வைத்துவிட்டு மற்றவர்களை மட்டும் உள்ளே சேர்த்தது. 1956இன் இந்து வாரிசுரிமைச் சட்டம், தன் 28ஆம் பிரிவில், எந்த நோயும் குறைபாடும் ஊனமும் ஒருவரை வாரிசுரிமையிலிருந்து விலக்காது என்று எழுதிய பிறகே கதவு முழுதாகத் திறந்தது. சட்டம் திறந்தது, குடும்பங்கள் விடுதலைப் பத்திரம் எழுதிக் கேட்கத் தொடங்கின. “தங்கச்சி மனசாரத்தான் விட்டுக் குடுக்கா” என்பார்கள். நான் தங்கச்சியிடம் நேராகப் பேசாமல் விடுதலைப் பத்திரம் எழுதுவதில்லை.

ஒரு பெண்ணைச் சொல்ல வேண்டும். காது கேளாதவர், பேச்சில்லை. ஐம்பது வயது இருக்கும். பெரியவர்களாகிவிட்ட மூன்று தம்பிகள். விடுதலைப் பத்திரத்துக்குப் பதிலாக, வீட்டில் மேற்கு அறை அவருக்கு ஆயுள் வரை என்று எழுதலாம் என்று நல்ல மனதோடு முடிவு செய்து வந்திருந்தார்கள். அக்காள் படுத்துத் தூங்க இடம் வேண்டும், அது உறுதி என்பது அவர்கள் எண்ணம். கூட வந்திருந்த தம்பி மகள் சின்ன வயதிலிருந்து அத்தையோடு கைப்பேச்சில் பழகியவள். அவளை வைத்து நான் ஒவ்வொரு ஷெட்யூலாக விளக்கச் சொன்னேன். மேற்கு அறை வந்தபோது அந்த அம்மா தலையை ஆட்டவில்லை. புலப்படத்தை இழுத்து, ஊருக்கு வெளியே கிணற்றடியில் கிடந்த ஒரு துண்டு நிலத்தின் மேல் விரலை வைத்தார். பிறகு கையால் ஆடு என்று காட்டினார். அந்த இடத்தில் பட்டி போட்டு ஆடு வளர்க்க வேண்டும் என்பது அவருக்கு வெகுநாள் ஆசையாம். ஒரே கூரைக்கடியில் வாழ்ந்த மூன்று தம்பிகளுக்கும் அது தெரியாது. கேட்கவேண்டும் என்று யாருக்கும் தோன்றியதில்லை. அக்காளை அவர்கள் நன்றாகப் பார்த்துக்கொண்டுதான் வந்தார்கள்.

பதிவுச் சட்டத்தின் 35ஆம் பிரிவு, எழுதிக் கொடுக்கிறவர் சித்தசுவாதீனம் இல்லாதவராகத் தோன்றினால் பதிவை மறுக்கச் சொல்கிறது. பேச்சில்லாதவரைப் பார்த்ததும் அந்தச் சந்தேகத்துக்குப் போகிற அதிகாரிகள் உண்டு. அன்றைக்கு இருந்தவர் பொறுமையாக இருந்தார். கிணற்றடி நிலம் அக்காளுக்குப் பதிவானது.

இத்தனையும் 2025 ஏப்ரல் 16க்குப் பிறகு எனக்கு வேறு அர்த்தத்தோடு திரும்பி வந்தது. அன்றுதான் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சிச் சட்டத்தையும் ஊராட்சிகள் சட்டத்தையும் திருத்த இரண்டு மசோதாக்களைப் பேரவையில் கொண்டுவந்தார். நகர்ப்புற உள்ளாட்சி மன்றங்களில் அப்போது இருந்த மாற்றுத்திறனாளி உறுப்பினர்கள் வெறும் 35 பேர் என்று அவரே சொன்னார். திருத்தத்தின்படி நகர்ப்புறத்தில் 650 பேர், கிராம ஊராட்சிகளில் 12,913 பேர், ஊராட்சி ஒன்றியங்களில் 388 பேர், மாவட்ட ஊராட்சிகளில் 37 பேர் நியமன உறுப்பினர்களாக உட்காருவார்கள். டிசம்பர் 3 இயக்கம் போன்ற மாற்றுத்திறனாளி அமைப்புகள் பல ஆண்டுகள் தெருவில் நின்று கேட்டது அது. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு மாற்றுத்திறனாளிகள் ஏறத்தாழ 11 லட்சத்து 80 ஆயிரம். அந்தச் செய்தி வந்த சாயங்காலம் எங்கள் ஊரில் மூன்று சக்கர ஸ்கூட்டர்கள் தேரடியில் ஒன்று சேர்ந்தன. அல்வா வாங்கிக் கொடுத்தோம். எனக்குக் கண் கலங்கியது, அதைச் சொல்வதில் கூச்சம் இல்லை.

மறுநாள் என் நண்பர் ஒருவர் கடைக்கு வந்தார். முன்சீப் கோர்ட்டில் வக்கீல். பிறவியிலேயே பார்வை இல்லை. என்னைவிடப் பத்து வயது இளையவர்.

“என்ன அண்ணாச்சி, அல்வா குடுத்தீங்களாமே?”

“ஆமா. ஏன், நீ சாப்பிடலையா?”

“சாப்பிட்டேன். அரசியல் சட்டத்தையும் வாசிச்சேன்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அவருடைய போன் சட்டத்தைப் படித்துச் சொல்லும். வேகமாக, சாதாரணக் காதுக்குப் பிடிபடாத வேகத்தில். அவர் எனக்காக அதை மெதுவாக்கினார். நகராட்சிகளின் அமைப்பைச் சொல்லும் 243-ஆர் உறுப்பு, நகராட்சி நிர்வாகத்தில் தனி அறிவோ அனுபவமோ உள்ளவர்களை மன்றத்தில் சேர்க்க மாநிலச் சட்டத்துக்கு அனுமதி தருகிறது. கூடவே ஒரு வரம்பு விதிக்கிறது: அப்படிச் சேர்க்கப்படுகிறவர்களுக்கு மன்றக் கூட்டத்தில் வாக்குரிமை இல்லை.

“பேசலாம், அண்ணாச்சி. ஓட்டுப் போட முடியாது. நீங்க பத்திரத்துல எழுத மாட்டேன்னு சண்டை போடுற அதே வரி. சோறு உண்டு, பங்கு இல்ல.”

அவர் சொன்னது என்னை அன்றைக்குத் தூங்கவிடவில்லை. ஏனென்றால் நான் எதிர்த்துப் பேச ஆரம்பித்த ஒவ்வொரு வாக்கியமும், தங்கைக்குப் பங்கு வேண்டாம் என்கிற அண்ணன்மார் சொல்லிக் கேட்ட வாக்கியமாகவே இருந்தது. ஒன்றும் இல்லாததற்கு இது மேல். நல்ல மனதோடுதானே தருகிறார்கள். மெல்ல மெல்ல மற்றதும் வரும்.

இந்த வாக்கு விவகாரம் ஏட்டில் மட்டும் இருக்கிற நுணுக்கம் இல்லை. டெல்லி மாநகராட்சியில் 2022 டிசம்பர் தேர்தலுக்குப் பிறகு, துணைநிலை ஆளுநர் நியமித்த உறுப்பினர்கள் மேயர் தேர்தலில் வாக்களிக்கலாமா என்ற தகராறில் மேயரையே தேர்ந்தெடுக்க முடியாமல் கூட்டங்கள் குலைந்தன. 2023 பிப்ரவரி 17 அன்று உச்ச நீதிமன்றம், நியமன உறுப்பினர்களுக்கு அந்த வாக்கு கிடையாது என்று தெளிவாகச் சொன்னது. அது சரியான தீர்ப்பு என்றே நினைக்கிறேன். மக்கள் தேர்ந்தெடுக்காத பத்துப் பேர், மக்கள் தேர்ந்தெடுத்த மன்றத்தின் தலைமையை முடிவு செய்யக்கூடாது. ஆனால் அந்த நியாயம் எங்களை எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது என்று பாருங்கள். வாக்கு வேண்டும் என்றால் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும். தேர்ந்தெடுக்கப்படுவதற்கோ, நகர்ப்புறம் முழுதுக்கும் 35 என்ற எண்ணே நிலைமையைச் சொல்லிவிட்டது. அரசமைப்பில் உள்ளாட்சி இடஒதுக்கீட்டு விதிகள் பட்டியலினத்தார், பழங்குடியினர், பெண்கள் ஆகியோருக்கு இடம் ஒதுக்குகின்றன. பிற்பட்ட வகுப்பினருக்கு ஒதுக்க மாநிலத்துக்கு அனுமதி தருகின்றன. அங்கே நாங்கள் இல்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 வேலையில் 4 விழுக்காடும் உயர்கல்வியில் 5 விழுக்காடும் தருகிறது. மன்றத்தில் ஒரு நாற்காலியும் தரவில்லை.

இனி ஊரில் கூத்து பார்த்து வளர்ந்தவனாகச் சில விஷயங்கள் சொல்ல வேண்டும்.

பாரதப் போரை எல்லோரும் மண்ணாசை என்பார்கள். பத்திர எழுத்தனாகப் பார்த்தால் அது ஒரு பாகப்பிரிவினை வழக்கு. வழக்கின் வேர் ஓர் ஊனம். மூத்தவனான திருதராஷ்டிரன் பார்வை இல்லாததால் அரசு பெறவில்லை, இளையவன் பாண்டு பெற்றான். துரியோதனன் தன் தகப்பனிடம் வாதாடும்போது இதைத்தான் சொல்கிறான்: உமக்குச் சேரவேண்டியது உம் கண்ணால் போயிற்று, இப்போது பாண்டுவின் மகனுக்குப் போனால் அது என்றென்றைக்கும் அவர்கள் வம்சத்துக்கே போகும். துரியோதனன் செய்த கொடுமைக்கு இது நியாயம் ஆகாது. ஆனால் அந்த வீட்டில் யாரும் தீர்த்து வைக்காத ஒரு புண் முதல் தலைமுறையிலேயே இருந்தது.

உத்தியோக பருவத்தில் இதைவிட என்னைக் கலக்குகிற ஓர் இடம் வருகிறது. பாண்டவர்க்குப் பாதி கொடு என்று மகனிடம் சொல்லும் திருதராஷ்டிரன், தங்கள் முன்னோர் தேவாபியின் கதையைச் சொல்கிறான். பிரதீபனின் மூத்த மகன் தேவாபி. தர்மவான், குடிமக்களுக்குப் பிரியமானவன். அவனுக்குத் தோல் நோய். முடிசூட்டுக்கு ஏற்பாடுகள் நடந்தபோது அந்தணர்களும் ஊர்ப் பெரியவர்களும் தடுத்தார்கள். அங்கக்குறை உள்ள அரசனைத் தேவர்கள் ஏற்கமாட்டார்கள் என்றார்கள். கிழட்டு அரசன் அழுதான். தேவாபி காட்டுக்குப் போனான், இளையவன் சந்தனு அரசனானான். இதைச் சொல்லிவிட்டுத் திருதராஷ்டிரன், அப்படித்தான் நானும் விலக்கப்பட்டேன், எனக்கே இல்லாத அரசு உனக்கு எப்படி வரும் என்கிறான். மகனை அடக்க அவனுக்கு வேறு எவ்வளவோ வாதம் இருந்தது. தன்னை விலக்கிய விதியையே எடுத்து அதற்குத் தானே சாட்சி சொல்கிறான். என் கடையில் எதிரே உட்கார்ந்து, “எனக்கு எதுக்கு அண்ணாச்சி பங்கு? தம்பி நல்லாத்தான் பாத்துக்கிடுதான்” என்று சொல்லும் குரல்களில் நான் திருதராஷ்டிரனைக் கேட்டிருக்கிறேன். விலக்கிவைப்பது எவ்வளவு பழையதாகிறதோ, அவ்வளவுக்கு அது விலக்கப்பட்டவரின் வாயிலிருந்தே வருகிறது.

தேவாபியின் கதை புராணத்தோடு போகவில்லை. ஒடிசாவின் பாலுகாவ் என்ற சிற்றூரில் 2003இல் நடந்த உள்ளாட்சித் தேர்தலில் மக்கள் ஒருவரைத் தேர்ந்தெடுத்தார்கள். அவருக்குத் தொழுநோய் என்று எதிர்த்தரப்பு வழக்குப் போட்டது. ஒடிசா நகராட்சிச் சட்டம், 1950 தொழுநோயும் காசநோயும் உள்ளவர்களைத் தகுதியற்றவர்கள் என்று வைத்திருந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2008 நவம்பரில் அவர் பதவிநீக்கம் உறுதியானது. தீர்ப்பிலேயே நீதிபதிகள், மருத்துவம் இவ்வளவு முன்னேறிய பிறகும் இந்த விதி வேண்டுமா என்று சட்டமன்றம் தீவிரமாக யோசிக்க வேண்டும் என்று சொன்னார்கள். சொன்னார்கள், ஆனால் விதியை ரத்து செய்யவில்லை. சமமாக நடத்தவேண்டும் என்கிற 14ஆம் உறுப்புக்கு இது முரண் இல்லை, தொற்றைத் தடுக்க நியாயமான வகைப்படுத்தல்தான் என்றார்கள். வாக்களித்தவர்கள் அதே ஊரில் அவரைத் தினம் பார்த்தவர்கள். அவர் உடம்பைப் பற்றி அவர்களுக்குத் தெரியாதது சட்டத்துக்குத் தெரிந்திருக்குமா? பிரதீபன் காலத்தில் தேவர்கள் பெயரில் சொன்னதை இங்கே பொது சுகாதாரத்தின் பெயரில் சொன்னார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது.

தமிழ்நாடு மட்டும் சுத்தம் என்று நினைத்துவிட வேண்டாம். நம் ஊராட்சிகள் சட்டம், 1994 காது கேளாத வாய்பேசாதவர்களைத் தேர்தலில் நிற்கத் தகுதியற்றவர்கள் பட்டியலில் வைத்திருந்தது. பிற்பாடுதான் அது நீக்கப்பட்டது. கிணற்றடி நிலத்தைக் கேட்டு வாங்கிய அந்த அம்மா அந்நாளில் தன் வார்டுக்கு நின்றிருந்தால் மனுவையே நிராகரித்திருப்பார்கள்.

இதற்கு நேர் எதிர்த்திசையிலும் காற்று அடிக்கிறது. 2025 மார்ச் 3 அன்று உச்ச நீதிமன்றத்தின் பர்திவாலா, மகாதேவன் அமர்வு, பார்வையற்றவர்களை நீதிபதிப் பணியிலிருந்து விலக்கிய மத்தியப் பிரதேச விதியை ரத்து செய்தது. பார்வை இல்லாத ஒருவர் நீதிபதி நாற்காலியில் அமர்ந்து மற்றவர்களின் சொத்தையும் சுதந்திரத்தையும் பற்றி முடிவு சொல்லலாம் என்று நாடு ஏற்றுக்கொண்டுவிட்டது. அவரே ஒரு பேரூராட்சியில் நியமன உறுப்பினராக உட்கார்ந்தால், தெருவிளக்கு எந்தத் தெருவுக்கு என்ற தீர்மானத்தில் கை தூக்க முடியாது.

இவ்வளவு சொன்னாலும் வக்கீல் நண்பர் எழுப்பாத ஒரு கேள்வி என்னை அரித்துக்கொண்டே இருந்தது. ஒருவேளை அந்த நாற்காலிக்கு வாக்கும் இருந்து, நானே அதில் உட்கார்ந்தால், நான் யாருக்காகப் பேசுகிறேன்? 2016 சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது. எனக்குப் படி ஏறுவது கஷ்டம், ஆகவே சாய்தளம் கேட்பேன். காது கேளாதவருக்குச் சாய்தளத்தால் என்ன? மனவளர்ச்சி குன்றிய பிள்ளையின் தாய் என்ன கேட்பாள் என்று எனக்கு எப்படித் தெரியும்? ரத்தசோகை வகை நோய் உள்ளவருக்கு வெளியே பார்த்தால் எந்தக் குறையும் தெரியாது. மூன்று தம்பிகளுக்கு அக்காளின் மனது தெரியாமல் போனதுபோல எனக்கும் தெரியாமல் போகாதா? உடம்பின் ஒற்றுமை ஒன்றால் ஒருவர் இன்னொருவரின் பிரதிநிதி ஆகிவிட முடியாது.

பிரதிநிதியை உண்மையாக்குவது, அவரைத் திரும்பக் கேள்வி கேட்கும் அதிகாரம் அவர் யாருக்காகப் பேசுகிறாரோ அவர்கள் கையில் இருப்பது. நியமனத்தில் அது இல்லை. நியமிக்கிறவர் அரசு, நாளை என்னை மாற்ற நினைத்தால் மாற்றுகிறவரும் அரசு. அந்தக் காது கேளாத அம்மா என்மேல் அதிருப்தி அடைந்தால் அவரால் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. டெல்லியின் பத்து நியமன இடங்களுக்காகத் துணைநிலை ஆளுநரும் டெல்லி அரசும் 2024 ஆகஸ்டு வரை உச்ச நீதிமன்றத்தில் மல்லுக்கட்டியதற்குக் காரணமும் இதுதான். நியமன நாற்காலி யார் கையிலிருந்து வருகிறதோ அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருக்கும் என்று இரு தரப்புக்கும் தெரிந்திருந்தது.

வேறு வழிகளை உலகம் முயன்றிருக்கிறது. உகாண்டாவின் 1997ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டம் மாவட்ட மன்றத்திலும் அதன் கீழுள்ள மன்றங்களிலும் இரண்டு மாற்றுத்திறனாளி உறுப்பினர்களை வைக்கிறது. ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். அவர்களை மாற்றுத்திறனாளிகளின் வாக்காளர் குழுவே தேர்ந்தெடுக்கிறது. கென்யாவின் 2010 அரசமைப்பு, தேர்தல் வழியாகவும் நியமனம் வழியாகவும் அமையும் அவைகளில் குறைந்தது 5 விழுக்காடு மாற்றுத்திறனாளிகள் என்ற இலக்கைப் படிப்படியாக எட்டவேண்டும் என்கிறது. மாவட்ட அவைகளில் விளிம்பு மக்களுக்கான இடங்களைக் கட்சிகள் தரும் பட்டியலிலிருந்து நிரப்புகிறார்கள். பட்டியல் கட்சியின் கையில் இருப்பதால் ஒவ்வொரு தேர்தலுக்குப் பிறகும் வழக்குகள். பெயர்கள் அரசிதழில் வந்துவிட்டால் தேர்தல் மனு போட்டுத்தான் மாற்ற முடியும் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2016இல் முடிவு சொல்லும் அளவுக்குப் போயிற்று. அந்த வழக்குகளை நான் குறையாகச் சொல்லவில்லை. பங்கு இருக்கும் இடத்தில்தான் பங்குச் சண்டை வரும். சோறு மட்டும் போடுகிற வீட்டில் வழக்கு வராது.

நம் சட்டத்திலும் வழக்குக்கு இடம் இருக்கிறது என்பதை எங்கள் ஆட்கள் இப்போதே தெரிந்துகொள்வது நல்லது. நகராட்சிகளுக்கு 243-ஆர் ஒரு நியமனக் கதவையாவது வைத்திருக்கிறது. ஊராட்சிகளுக்கான 243-சி, எல்லா இடங்களும் நேரடித் தேர்தலால் நிரப்பப்பட வேண்டும் என்கிறது. கீழ்நிலைத் தலைவர்கள், சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்கள் தவிர வேறு யாரையும் சேர்க்க அது வாய்ப்புத் தரவில்லை. சத்தீஸ்கர் ஏற்கெனவே ஊராட்சிகளில் இப்படி நியமிக்கச் சட்டம் செய்திருக்கிறது, நாமும் செய்திருக்கிறோம். ஆனால் யாராவது ஒருவர் இதைக் கேள்விக்குள்ளாக்கினால் 12,913 நாற்காலிகளும் ஒரு வாக்கியத்தின் மேல் நின்றுகொண்டிருக்கும். போதாக்குறைக்கு, சட்டம் வந்தபோது மாநிலத்தின் பெரும்பாலான கிராம ஊராட்சிகளில் 2019இல் தேர்வானவர்களின் காலம் 2025 ஜனவரியிலேயே முடிந்து, தனி அலுவலர்கள்தான் இருந்தார்கள். அப்போது நியமிக்க மன்றமே இருக்கவில்லை.

2025 ஜூலையில் நகர்ப்புற மன்றங்களுக்கு விண்ணப்பம் கேட்டார்கள். நான் விண்ணப்பித்தேன். வக்கீல் நண்பருக்கு வருத்தம்.

“நீங்களுமா, அண்ணாச்சி?”

அவருக்கு நான் சொன்ன பதில் என் தொழிலிலிருந்து வந்தது. ஜீவனாம்சம் வாங்கிச் சாப்பிட்டதால் எந்த வாரிசும் பங்கை இழப்பதில்லை. வீட்டில் இருபது வருடம் சோறு தின்றாள், ஆகவே பங்கு கிடையாது என்று எந்த நீதிமன்றமும் சொல்லாது. பங்கு போவது விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடும்போதுதான். நாங்கள் நாற்காலியை வாங்கிக்கொள்ளலாம். இதோடு எங்கள் உரிமை தீர்ந்தது என்று யாருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை. “உரிமைக்குப் பங்கமின்றிப் பெற்றுக்கொண்டேன்” என்று ரசீதில் எழுதுவோமே, அந்த மனநிலையில்தான் போகவேண்டும். திருதராஷ்டிரன் அரண்மனையில் உட்கார்ந்ததில் பிழையில்லை. தன்னை விலக்கிய விதி நியாயம் என்று அவன் ஒப்புக்கொண்டதுதான் பிழை.

நண்பர் முழுதாக ஏற்கவில்லை. பேச்சு மட்டும் இருந்தால் பேச்சும் தேய்ந்துபோகும், கணக்கில் வராதவன் பேசும்போது மற்றவர்கள் கடிகாரத்தைப் பார்ப்பார்கள் என்றார். அவர் சொன்னதில் இருந்த உண்மையை எங்கள் பேரூராட்சியின் பெண் உறுப்பினர் ஒருவர் வேறொரு பக்கத்திலிருந்து எனக்கு விளக்கினார். பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட வார்டில் நின்று ஜெயித்தவர்; உள்ளாட்சிகளில் பெண்களுக்கு 50 விழுக்காடு என்று 2016இல் தமிழ்நாடு சட்டம் செய்ததன் பலன் அவர். ஒரு செட்டில்மென்ட் பத்திரம் விஷயமாக வந்தவரிடம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

“ஆரம்பத்துல கூட்டத்துல எங்க வீட்டுக்காரர்தான் பேசுவாரு” என்றார் அவர். “நான் பக்கத்துல இருப்பேன், அவ்வளவுதான். ஆனா ஓட்டு என் பேர்ல இருந்துது. தலைவர் தேர்தல் வந்தப்போ ரெண்டு பக்கத்துக்காரங்களும் என்னைத்தான் தேடி வந்தாக. அவரைக் கூட்டிட்டுப் போய் ஓட்டுப் போட முடியாதுல்லா. அன்னைக்குத்தான் நான் வாயைத் தொறந்தேன். அதுக்கு அப்புறம் மூடல.”

அவருக்குப் பேச்சு இல்லாமல் வாக்கு கிடைத்தது. வாக்கு பேச்சைக் கொண்டுவந்தது. எங்களுக்குப் பேச்சு கிடைத்திருக்கிறது. பேச்சும் வாக்கைக் கொண்டுவரும் என்று நம்ப எனக்கு ஆசைதான், ஆனால் அது தானாக நடக்காது. அதற்கு நாடாளுமன்றம் அரசமைப்பின் உள்ளாட்சி இடஒதுக்கீட்டு விதிகளில் எங்களையும் எழுதவேண்டும். மாநிலச் சட்டம் எவ்வளவு பரிவோடு எழுதப்பட்டாலும் அந்த எல்லையைத் தாண்ட முடியாது. சிறிய மன்றங்களில் வார்டு ஒதுக்கீடு எப்படிச் சாத்தியம், சுழற்சி எப்படி என்று கேட்பார்கள். பழங்குடியினருக்கும் பெண்களுக்கும் அந்தக் கணக்கைப் போட்ட நாடு இதையும் போடலாம். வார்டு வேண்டாம் என்றால், உகாண்டா போல எங்கள் வாக்காளர் குழு தேர்ந்தெடுக்கும் ஓர் இடமாவது இருக்கட்டும், வாக்கோடு.

நியமன ஆணை எனக்கு வந்தாலும் வேறொருவருக்கு வந்தாலும் இதைக் கேட்டு ஒரு தீர்மானம் எங்கள் பேரூராட்சியிலிருந்து டெல்லிக்குப் போகவேண்டும் என்று முடிவு செய்திருக்கிறேன். நியமன உறுப்பினர் பேசலாம், தீர்மானத்துக்கு வாக்களிக்க முடியாது. ஆகவே அந்தப் பெண் உறுப்பினரிடமே முன்மொழியக் கேட்டேன், சம்மதித்தார். வழிமொழிய ஆள் பிடிப்பது தன் பொறுப்பு என்றும் சொல்லியிருக்கிறார். வரைவை நான் எழுதிவிட்டேன். வக்கீல் தம்பி போனில் கேட்டுத் திருத்திக்கொண்டிருக்கிறார். “நியமனத்துக்கு நன்றி தெரிவிக்கும் இம்மன்றம்” என்று நான் தொடங்கியிருந்த முதல் வரியை எடுத்துவிட்டு, “இம்மன்றம் கோருவதாவது” என்று தொடங்கச் சொல்கிறார். அப்படியே மாற்றியிருக்கிறேன்.